ஏடிஎச்டி மதிப்பீட்டுக்காக ஜி.பி.யிடம் செல்லும் பெரியவர்களுக்கு: இங்கிலாந்துத் தமிழருக்கான வழிகாட்டி

கவனம் நிலைக்காமை, ஓய்வறியாத பரபரப்பு, எண்ணிப் பாராமல் செய்துவிடும் போக்கு ஆகியவற்றை அடையாளங்களாகக் கொண்ட ஏடிஎச்டி, பள்ளிப் பருவத்தோடு எல்லோருக்கும் முடிந்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல்களை வகுக்கின்ற நைஸ் நிறுவனம், பெரியவர்களையும் முறையாக மதிப்பிட்டுச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டது. 2018இல் வெளிவந்த புதிய வழிகாட்டுதல், பெரியவர் ஒருவரை எந்த நிலையில் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் வரையறுத்திருக்கிறது. பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேருக்கு இது இருக்கலாம் என்பது அங்குள்ள மதிப்பீடு. ஆனாலும் நம்மவர்களில் பலர் நாற்பது வயதைக் கடந்த பின்னும் ‘பொறுப்பில்லாதவன்’, ‘கவனமில்லாதவள்’ என்ற பெயரைச் சுமந்துகொண்டே வாழ்கிறார்கள். குடும்ப மருத்துவரான ஜி.பி.யின் வாசல் வரை சென்றவர்களிலும் சிலர், சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரியாமல் ‘மன அழுத்தம்’ என்ற ஒரு சொல்லோடு திரும்பிவிடுகிறார்கள்.

இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்தில் ஜி.பி. ஒருவரிடம் பதிவு செய்துள்ள, 18 வயதைக் கடந்தவர்களுக்கானவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் சுகாதார நிர்வாகம் தனியானது என்பதால், மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றிக் கீழே வரும் பகுதி அங்குள்ளவர்களுக்குப் பொருந்தாது.

ஜி.பி. உங்களுக்கு ஏடிஎச்டி இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு சொல்வதில்லை. அந்த முடிவை எடுக்க வேண்டியவர், அதற்கெனப் பயிற்சி பெற்ற மனநல மருத்துவரோ, அதற்குத் தகுதி பெற்ற வேறு சிறப்பு வல்லுநரோதான். ஜி.பி. எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: உங்களை அனுப்புவதற்குப் போதிய காரணம் இருக்கிறதா? நீங்கள் தயாரித்துக் கொண்டுபோக வேண்டியது அந்தக் கேள்விக்கான விடையைத்தான்.

எதை வைத்து முடிவெடுக்கப்படுகிறது

நைஸ் வழிகாட்டுதல் மூன்று செய்திகளைப் பார்க்கச் சொல்கிறது. கவனமின்மையோ, ஓய்வறியாத பரபரப்பு எனும் மிகையியக்கமோ, அல்லது இரண்டுமோ, சிறுவயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வந்திருக்க வேண்டும். வேறொரு மனநலப் பிரச்சினையால் அவற்றை முழுவதுமாக விளக்கிவிட முடியாமல் இருக்க வேண்டும். அவற்றால் படிப்பிலோ வேலையிலோ குடும்ப உறவிலோ மன நிலையிலோ நடுத்தரமான அல்லது கடுமையான பாதிப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். இம்மூன்றும் உங்கள் பேச்சிலும், உங்கள் பேச்சைக் கேட்டு ஜி.பி. எழுதும் கடிதத்திலும் தெளிவாக இருந்தால், அந்தக் கடிதம் திருப்பி அனுப்பப்படுவதற்கான வாய்ப்பு பெரிதும் குறையும். எங்கோ ஒன்று விடுபட்டிருந்தால், ‘போதிய விவரம் இல்லை’ என்ற பதிலோடு அது சில மாதங்கள் கழித்து ஜி.பி.யிடமே வந்து சேரக்கூடும். காத்திருப்போர் வரிசையில் மீண்டும் கடைசியில் நிற்க வேண்டிய நிலை அதனால்தான் உண்டாகிறது.

ஏ.எஸ்.ஆர்.எஸ். எனப்படும் வினாத்தாள் ஒன்றை நிரப்பித் தரும்படி பெரும்பாலான இடங்களில் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கப்பட்ட இதில் 18 கேள்விகள் உள்ளன. அவற்றில் முதல் 6 கேள்விகளே முதற்கட்ட வடிகட்டல். அந்த ஆறில் நான்கோ அதற்கு மேலோ நிழலிட்ட கட்டங்களில் விழுந்தால், மேலும் ஆராய வேண்டும் என்பது பொருள். அதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அதிக மதிப்பெண் வந்துவிட்டது என்பதற்காக நோய் உறுதியாகிவிடாது. வினாத்தாளை மட்டும் வைத்து நோயறிதல் செய்யக் கூடாது என்று நைஸ் வெளிப்படையாகவே கூறுகிறது. எனவே இதை நேர்மையாக நிரப்புங்கள். ‘சில நேரங்களில்’ என்பது உண்மையானால் அதையே குறியுங்கள். எல்லாவற்றுக்கும் ‘மிக அடிக்கடி’ என்று குறித்த தாளைவிட, ஏற்ற இறக்கத்தோடு நிரப்பிய தாள்தான் பின்னர் நடக்கும் நேர்காணலோடு ஒத்துப்போகும்.

ஒரு பக்கத்தில் உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள்

ஜி.பி.யைச் சந்திக்கும் நேரம் பெரும்பாலும் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் வாழ்க்கை முழுவதையும் வாயால் சொல்ல முடியாது. அதிலும் கவனம் சிதறும் ஒருவரால் முடியவே முடியாது. ஆகவே ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, முன்கூட்டியே இணையவழிப் படிவத்தின் மூலமாகவோ வரவேற்புப் பகுதியிலோ கொடுத்துவிடுவது நல்லது. இரட்டை நேரம் வேண்டும் என்று கேட்கலாம். சில இடங்களில் கொடுப்பார்கள்.

எழுதும்போது ‘எனக்கு ஞாபக மறதி அதிகம், ஒழுங்கு குறைவு’ என்பது போன்ற பொதுவான வாக்கியங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை யாருக்கும் பொருந்தும். பின்வருவது போல எழுதினால் படிப்பவருக்கு உங்கள் நாள் கண்ணில் தெரியும்:

“கவுன்சில் வரிக்கான பணம் வங்கிக் கணக்கில் இருந்தும், இந்த ஆண்டில் இரண்டு முறை இறுதி எச்சரிக்கை வந்த பிறகே கட்டினேன். வாகன நிறுத்த அபராதங்களைத் திறக்காத உறைகளாகவே வைத்திருந்து இருமடங்காகக் கட்டினேன். வேலையிடத்தில் தாமதமாக வந்ததற்கு எழுத்துமூல எச்சரிக்கை பெற்றுள்ளேன். இது நான் விட்டுவந்த மூன்றாவது வேலைக்குப் பிறகு கிடைத்த வேலை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு அறைக்குச் சென்று மறந்துபோவதால், பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது நான் தனியாகச் சமைப்பதற்கு என் கணவர் அஞ்சுகிறார். ஒரு படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால், அதைத் தொடங்குவதற்கே இரவு பதினொரு மணி ஆகிவிடுகிறது.”

இதில் நோயின் பெயர் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் வேலை, பணம், வீட்டுப் பாதுகாப்பு, தாம்பத்தியம் ஆகிய நான்கு தளங்களிலும் பாதிப்பு இருப்பது தெரிகிறது. டி.எஸ்.எம்.-5 எனும் நோயறிதல் நூல், குறைந்தது இரண்டு சூழல்களில் அறிகுறிகள் காணப்பட வேண்டும் என்று சொல்கிறது. வேலையிடத்தில் மட்டும் கவனம் சிதறுகிறது, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், மேலாளரையோ வேலையின் தன்மையையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சிறுவயதுச் சான்று

நம்மவர்களின் கடிதங்கள் பெரும்பாலும் தடுக்கி நிற்கும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. டி.எஸ்.எம்.-5இன் படி, 17 வயதைக் கடந்தவருக்குக் கவனமின்மைக்கான ஒன்பது அடையாளங்களில் ஐந்தோ, மிகையியக்கத்துக்கான ஒன்பதில் ஐந்தோ இருக்க வேண்டும் என்பதோடு, அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்கவும் வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்தவரிடம் தொடக்கப் பள்ளி அறிக்கைகள் இருக்கும். ‘கெட்டிக்காரி, ஆனால் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள்’ என்று ஓர் ஆசிரியர் எழுதிய வரி போதும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ திருச்சியிலோ படித்தவரிடம் இருப்பது தேர்ச்சி அறிக்கையும் ராங்க் கார்டும். அவற்றில் பெரும்பாலும் மதிப்பெண்ணும் நிலையும்தான் இருக்கும், நடத்தை பற்றிய வரி இருந்தால் அது ‘திருப்தி’ என்ற அளவில் நின்றுவிடும். 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களிடமும், 2009இல் வன்னியிலிருந்து உயிரோடு வெளிவந்தவர்களிடமும் அதுவும் இருக்காது. ஆவணம் இல்லாதது தகுதியின்மை அன்று. ‘போரில் பள்ளி ஆவணங்கள் அழிந்துவிட்டன, தாயிடமோ சகோதரரிடமோ தொலைபேசியில் விவரம் பெறலாம்’ என்று கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சிறுவயதில் உங்களை அறிந்த ஒருவரின் சாட்சியத்தை மதிப்பீட்டாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அந்தச் சாட்சியத்தைப் பெறுவதில்தான் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஊரிலிருக்கும் தாயை அழைத்து, “அம்மா, நான் சின்னனில எப்படி இருந்தனான்?” என்று கேட்டால், “நீ தங்கமான பிள்ளை, ஒரு கரைச்சலும் தந்ததில்லை” என்றுதான் பதில் வரும். பிள்ளைக்கு ஏதோ வருத்தம் என்று அறிந்த தாய் இன்னும் உறுதியாக மறுப்பார். அதையே, “நான் ட்யூஷனுக்குப் போகேக்க கொப்பியை வச்சிட்டுப் போறனானோ?” என்று கேட்டுப் பாருங்கள். “ஐயோ, அதை ஏன் கேக்கிறாய்! கொப்பி, குடை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாத்தையும் கொண்ணனெல்லோ பின்னால கொண்டு ஓடுறவன்” என்று அவரே தொடங்கிவிடுவார். சாப்பாட்டுக்கு எத்தனை முறை கூப்பிட வேண்டியிருந்தது, வகுப்பில் எங்கே உட்கார வைத்தார்கள், கோயில் திருவிழாவில் தொலைந்துபோனது உண்டா, வீட்டுப்பாடத்தை யார் பக்கத்தில் உட்கார்ந்து முடிக்க வைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கிடைத்த பதில்களைச் சொன்னவரின் சொற்களிலேயே குறித்து, அருகில் ஆங்கிலத்தில் பொருளையும் எழுதிக் கொடுங்கள்.

வீட்டுப்பாடத்தை யார் முடிக்க வைத்தார்கள் என்ற கேள்வியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ‘உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவருக்கு, பொறியியல் படித்தவருக்கு எப்படி ஏடிஎச்டி இருக்க முடியும்?’ என்று குடும்பத்தாரும் கேட்பார்கள், சில மருத்துவர்களும் கேட்பார்கள். அறிவுக்கூர்மைக்கும் ஏடிஎச்டிக்கும் முரண் இல்லை. நம் சமூகத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு அந்தப் பிள்ளையின் தனி முயற்சியாக இருந்ததும் இல்லை: அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பித் தேநீர் கொடுக்க ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்க ஒருவர், பள்ளிக்குப் பிறகு ஒன்றன் பின் ஒன்றாக ட்யூஷன் வகுப்புகள், விடுதியில் மணி அடித்தால் படிப்பு, மணி அடித்தால் உறக்கம். அந்தக் கட்டமைப்பு இருந்தவரை பிள்ளை நின்றது. பல்கலைக்கழக முதலாண்டிலோ, லண்டனில் தனி அறை எடுத்துத் தங்கிய முதல் குளிர்காலத்திலோ எல்லாம் ஒரே நேரத்தில் சரிந்தது என்றால், அந்தச் சரிவும் அதற்கு முன்பிருந்த தாங்கலும் சேர்ந்தே சான்றாகின்றன. மதிப்பெண்ணை மட்டும் சொல்லாமல், அந்த மதிப்பெண் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு சொல். பெண்களிடத்தில் இந்நிலை கண்டறியப்படாமல் போவதும், வேறு மனநலப் பிரச்சினையாகத் தவறாகக் கணிக்கப்படுவதும் அதிகம் என்பதை நைஸ் வழிகாட்டுதலே ஒப்புக்கொள்கிறது. அமைதியாக உட்கார்ந்து கனவு காணும் சிறுமி யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அவள் வளர்ந்து, வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி, மாமியாரின் மருந்து நேரம் என அனைத்தையும் நினைவில் வைக்க வேண்டிய இடத்துக்கு வந்த பிறகுதான் முடியாமல் போகிறது. தன் பிள்ளைக்கு மதிப்பீடு நடக்கும்போது, மருத்துவர் கேட்கும் கேள்விகளில் தன்னையே அடையாளம் கண்ட தாய்மார் பலர். ஏடிஎச்டி குடும்ப வழியாக வருவது மிகுதி என்பதால், பிள்ளைக்கோ உடன்பிறந்தவருக்கோ இருப்பது உறுதியாகியிருந்தால் அதை ஜி.பி.யிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிய தடுமாற்றமும் இதைப் போலவே தோன்றலாம் என்பதால், அறிகுறிகள் எந்த வயதில் தொடங்கின என்பது அங்கும் கேள்வியாகும்.

வேறு காரணங்களை ஜி.பி. தேடுவது உங்களைத் தட்டிக்கழிக்க அன்று

தைரொய்டு கோளாறு, இரத்தசோகை, பி12 குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், இரவுப் பணி, மனச்சோர்வு, பதற்றம், மது, கஞ்சா ஆகிய எதுவும் கவனத்தைக் குலைக்கும். ஆகவே இரத்தப் பரிசோதனை எழுதினால் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதன் முடிவு வரும் வரை பரிந்துரைக் கடிதம் நிறுத்திவைக்கப்பட வேண்டுமா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மது, கஞ்சா பற்றிய கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஜி.பி. அதைக் கேட்பது உங்களைக் காட்டிக்கொடுக்க அன்று, மருந்து உங்களுக்குப் பாதுகாப்பானதா என்று அறியவே.

போரின் வடு இதில் கடினமான பகுதி. குண்டுவீச்சையும் தடுப்பு முகாமையும் கடந்து வந்தவருக்கு உறக்கமின்மை, திடுக்கிடல், கவனச் சிதறல், எரிச்சல் எல்லாம் இருக்கும். அவை பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சலின் அடையாளங்களும் ஆகும். ஆறு வயதிலிருந்தே இப்படி இருந்தவர் ஒருவர். பதினேழு வயதில் ஒரு நாளுக்குப் பிறகு இப்படி ஆனவர் இன்னொருவர். இரண்டும் சேர்ந்திருப்பவரும் உண்டு. இதைப் பிரித்தறிய வேண்டியவர் சிறப்பு மருத்துவர்தான் என்றாலும், அவர் பிரித்தறிவதற்கு நீங்கள் அந்த வரலாற்றை மறைக்காமல் இருக்க வேண்டும். ‘அதைச் சொன்னால் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று விடுவார்கள்’ என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மறைத்தல் தீர்வாகாது. ‘இடப்பெயர்வுக்கு முன்பே, முதலாம் வகுப்பிலேயே இது இருந்தது’ என்று காலத்தைப் பிரித்துச் சொல்வதே தீர்வு.

ஜி.பி. அறைக்குள்

‘அந்த டொக்டர் எங்கட ஆள், கதை வெளியில போயிடும்’ என்ற தயக்கத்தால் பல ஆண்டுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ் மருத்துவரோ, தமிழ் வரவேற்பாளரோ, உரைபெயர்ப்பாளரோ, யாராக இருந்தாலும் நோயாளியின் செய்தியை வெளியிடாமல் காக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. மீறினால் அது தொழில்சார் குற்றம். உங்கள் அனுமதியின்றி வேலை தருபவருக்கோ உறவினருக்கோ செய்தி போகாது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசத் தயங்குபவர் உரைபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம்; நேரம் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். கணவரையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாம்பத்தியச் சண்டையைப் பற்றி மகள் வாயால் சொல்லவும் முடியாது, அவளுக்கு அது பாரமும் ஆகும்.

உள்ளே சென்றதும் நோக்கத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: பெரியவர்களுக்கான ஏடிஎச்டி மதிப்பீட்டுக்கு என்னை அனுப்பும்படி கேட்க வந்திருக்கிறேன், காரணங்களை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கடிதத்தில் மேலே சொன்ன மூன்று செய்திகளோடு, நீங்கள் இப்போது எடுக்கும் மருந்துகள், பழைய மனநலச் சிகிச்சை, இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, எடை, இதயம் சார்ந்த வரலாறு, உரைபெயர்ப்பாளர் தேவையா என்பன இடம்பெற வேண்டும். இதயத்தைப் பற்றித் தனியாக யோசித்துக்கொண்டு போங்கள்: பெற்றோரோ உடன்பிறந்தவரோ 40 வயதுக்குள் திடீரென இறந்தது, ஓடும்போது மயங்கி விழுந்தது, நெஞ்சு வலி, காரணமில்லாத படபடப்பு, பிறவி இதயக் கோளாறு. இவற்றில் ஏதேனும் இருந்தால் மருந்து தொடங்கும் முன் இதய நிபுணரின் கருத்தைக் கேட்பார்கள்.

ஜி.பி. மறுத்துவிட்டால், காரணத்தை மருத்துவப் பதிவில் எழுதும்படி அமைதியாகக் கேளுங்கள். அதே நிலையத்தில் வேறொரு ஜி.பி.யைச் சந்திக்கலாம், அதன் பிறகு நிலைய மேலாளரிடமோ, உங்கள் பகுதியின் என்.எச்.எஸ். சேவைகளுக்குப் பொறுப்பான ஐ.சி.பி. அமைப்பிடமோ முறையிடலாம். ‘மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று சொன்னால் அது தவறான அறிவுரையாக இருக்க வேண்டியதில்லை. எத்தனை வாரம், அதன் பிறகு என்ன என்பதை மட்டும் திட்டமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மருத்துவமனைக்கு

ஜி.பி. வழக்கமாக உங்கள் பகுதியின் மனநலச் சேவைக்கே அனுப்புவார். அங்கே காத்திருப்பு பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஆனால் இங்கிலாந்தில் ரைட் டு சூஸ் எனப்படும் உரிமை 2014 முதல் மனநலச் சேவைகளுக்கும் உண்டு: என்.எச்.எஸ்.ஸோடு அந்தச் சேவைக்கு ஒப்பந்தம் செய்துள்ள, இங்கிலாந்தில் எங்கிருந்தும் இயங்கும் ஒரு நிறுவனத்தை முதல் சந்திப்புக்கு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் இல்லை. உங்களை அனுப்புவது தேவைதான் என்று ஜி.பி. ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. தேர்ந்தெடுக்கும் முன் அந்த நிறுவனத்திடம் நேரடியாக மூன்று கேள்விகளைக் கேட்டு விடையைப் பெறுங்கள். இப்போதைய காத்திருப்பு எவ்வளவு? மதிப்பீட்டோடு நின்றுவிடுவீர்களா, மருந்தின் அளவை நிலைப்படுத்தும் வேலையையும் அதே ஒப்பந்தத்தில் செய்வீர்களா? அதற்கெனத் தனி வரிசை இருந்தால் அது எவ்வளவு? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் போனவர்கள், கையில் நோயறிதல் கடிதத்தோடு மருந்துக்காக இன்னொரு வரிசையில் முதலிலிருந்து நிற்க நேர்ந்திருக்கிறது. இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவற்றின் பரிந்துரைப் படிவம் அவற்றின் இணையதளத்திலேயே இருக்கும். அதை அச்சிட்டு உங்கள் பகுதியை நிரப்பி ஜி.பி.யிடம் கொடுத்தால் அவருக்கும் வேலை எளிதாகும்.

சொந்தப் பணத்தில் தனியார் மதிப்பீடு செய்துகொள்வோர், அதற்கு முன் ஜி.பி.யிடம் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: தனியார் மருத்துவர் நிலைப்படுத்திய மருந்துக்கு ஜி.பி. சீட்டு எழுதித் தரும், ஷேர்ட் கேர் எனப்படும் பகிர்ந்த பராமரிப்பு உடன்பாட்டை இந்த நிலையம் ஏற்குமா? ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் ஜி.பி.க்கு இல்லை. மறுத்துவிட்டால், மாதந்தோறும் மருந்துச் செலவையும் மருத்துவர் கட்டணத்தையும் நீங்களே கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒருமுறை கட்டும் கட்டணத்தை மட்டும் கணக்குப் பார்த்து இறங்கியவர்களுக்கு இது பெரும் சுமையாகிவிடுகிறது.

காத்திருக்கும் காலத்தில் கடிதம் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் உடனே தெரிவியுங்கள். அழைப்புக்குப் பதில் இல்லையென்றால் பெயரை நீக்கிவிடுவார்கள். நம்பகமான ஒருவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. நிலைமை மோசமானால் ஜி.பி.க்குத் தெரிவிக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: 111 எண்ணை அழைத்து மனநல உதவிக்கான தெரிவைத் தேர்ந்தெடுங்கள், உடனடி ஆபத்தென்றால் 999.

மதிப்பீடும் மருந்தும்

மதிப்பீடு என்பது நீண்ட உரையாடல். ஒவ்வோர் அறிகுறியையும் சிறுவயதிலும் இப்போதும் எப்படி இருந்தது என்று உதாரணங்களோடு கேட்பார்கள். நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கம் இங்கே மீண்டும் பயன்படும். காணொளி வழியாக நடந்தால் தனி அறையில் இருங்கள். ஏடிஎச்டி இல்லை என்ற முடிவு வரவும் கூடும். அப்போது, ‘அப்படியானால் இவை எதனால், அடுத்து எங்கே போக வேண்டும்’ என்பதற்கு எழுத்தில் விடை பெறாமல் வராதீர்கள்.

உறுதியானால் உடனே மாத்திரை என்பதில்லை. உறங்கும் நேரம், வேலைச் சூழல், நினைவூட்டல் ஏற்பாடுகள் போன்றவற்றைச் சீர்செய்த பிறகும் வாழ்வின் ஏதேனும் ஒரு தளத்தில் பாதிப்பு கணிசமாகத் தொடர்ந்தால் மருந்து தரலாம் என்பது நைஸின் நிலைப்பாடு. மருந்து வேண்டாம் என்பவர்களுக்கும், மருந்து போதாதவர்களுக்கும் ஏடிஎச்டியை மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சை உண்டு. பெரியவர்களுக்கு முதலில் தரப்படுபவை லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் அல்லது மெதில்ஃபெனிடேட். ஒன்றைப் போதிய அளவில் ஆறு வாரம் எடுத்தும் பயன் இல்லையென்றால் மற்றதற்கு மாற்றுவார்கள். இரண்டும் ஒத்துவராதவருக்கு அடோமொக்ஸெட்டின். தொடங்கும் முன் இரத்த அழுத்தம், நாடி, எடை பார்க்கப்படும். ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மீண்டும் பார்க்கப்படும். பசி குறைதல், வாய் உலர்தல், உறக்கம் தள்ளிப்போதல், நெஞ்சு படபடத்தல் ஆகியவற்றை நாளோடு குறித்துவைத்துச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்கேனும் இருமுனைக் கோளாறோ மனச்சிதைவோ இருந்தால் அதையும், கருவுறும் எண்ணம் இருந்தால் அதையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். இன்னொருவரின் மாத்திரையை ‘எப்படி இருக்கிறது பார்ப்போம்’ என்று எடுப்பது ஆபத்து. கொடுப்பவருக்கு அது சட்டப்படிக் குற்றம்.

அளவு நிலைப்பட்ட பிறகு, சிறப்பு மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதும் பொறுப்பை ஷேர்ட் கேர் உடன்பாட்டின் மூலம் ஜி.பி.யிடம் ஒப்படைக்கக் கோருவார். லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமினும் மெதில்ஃபெனிடேட்டும் ஊக்கி வகையைச் சேர்ந்த, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் என்பதால் சீட்டு 28 நாட்களுக்கு மட்டுமே செல்லும். வழக்கமாக ஒரு மாதத்துக்கு மேல் தரமாட்டார்கள். மருந்தகத்தில் அடையாள அட்டை கேட்கலாம். 2023 செப்டம்பரில் நாடளாவிய தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் மாதக் கடைசியில் கடை கடையாக அலைந்தார்கள். ஒரு வாரம் மிச்சமிருக்கும்போதே அடுத்த சீட்டைக் கேட்டுவிடுங்கள். மருந்துக்குக் கட்டணம் செலுத்துவோர் முன்கட்டணச் சான்றிதழ் வாங்கிவைத்தால் ஆண்டில் கணிசமாக மிச்சமாகும். ஆண்டுக்கு ஒருமுறை மருந்து இன்னும் தேவையா என்று முழுமையாக ஆராயப்பட வேண்டும். அழைப்பு வராவிட்டால் நீங்களே நினைவூட்டுங்கள்.

வேலை, வாகனம், ஊர்ப்பயணம்

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, அன்றாட வாழ்வை நீண்டகாலம் கணிசமாகப் பாதிக்கும் ஏடிஎச்டி ஊனமாகக் கருதப்படலாம். அப்போது நியாயமான மாற்றங்களைச் செய்து தரும் கடமை வேலை தருபவருக்கு உண்டு. அமைதியான இருக்கை, எழுத்தில் தரப்படும் பணிகள், நெகிழ்வான தொடக்க நேரம் போன்றவை பெரும்பாலும் செலவில்லாதவை. அக்சஸ் டு வொர்க் என்னும் அரசுத் திட்டத்தில் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் உதவி கேட்கலாம். நோயோ மருந்தோ வாகனம் ஓட்டும் திறனைப் பாதித்தால், ஓட்டுநர் உரிமம் வழங்கும் டி.வி.எல்.ஏ. அமைப்புக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். காவல்துறையின் சோதனையில் ஆம்ஃபெட்டமின் வகை மருந்து தெரியவரக்கூடும் என்பதால், மருந்துச்சீட்டின் நகல் ஒன்றை வாகனத்தில் வைத்திருங்கள்.

ஊருக்குப் போகும்போது மருந்தை மருந்தகத்தின் பெயரொட்டோடு கூடிய பெட்டியிலேயே, கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டும். பெயர், பயண நாட்கள், மருந்தின் பெயர், அளவு ஆகியவை அடங்கிய மருத்துவரின் கடிதம் உடனிருக்க வேண்டும். மூன்று மாதமோ அதற்கு மேலோ தங்குபவர்களுக்கும், மூன்று மாத அளவுக்கு மேல் கொண்டுபோகிறவர்களுக்கும் பிரித்தானிய உள்துறை அமைச்சின் தனி உரிமம் தேவை. இவை பிரித்தானியாவை விட்டு வெளியேறுவதற்கான விதிகள். உள்ளே நுழையும் நாட்டின் விதி வேறு. ஆகவே பயணச்சீட்டு வாங்கியவுடனேயே, லண்டனிலுள்ள இலங்கைத் தூதரகத்திடமோ இந்தியத் தூதரகத்திடமோ மருந்தின் முழுப் பெயரைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை அச்சிட்டு மருத்துவரின் கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.